"சிப் போயிடுச்சுங்க": தருமபுரியில் பழைய பிளேஸ்டேஷன்களின் கதை

1990-களின் கடைசியில் தருமபுரி பஸ் நிலையத்தைச் சுற்றியிருந்த வீடியோ கேம் கடைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். "சிப் போயிடுச்சுங்க." படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் சிப் போய்விட்டது. வட்டு சுற்றாமல் நின்றால் சிப் போய்விட்டது. பாதி ஆட்டத்தில் படம் உறைந்து நின்றாலும் சிப்தான். சுண்டுவிரல் நகம் அளவுள்ள, எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னச் சில்லின் மேல் ஊரில் இருந்த பழியெல்லாம் விழுந்தது.

தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குச் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். டூட்டி முடிந்து வரும் வழியில் ஒரு டி.வி. மெக்கானிக் நண்பரின் கடையில் உட்காருவது என் வழக்கம். அங்கே வந்த பிளேஸ்டேஷன் பெட்டிகளை அவரோடு சேர்ந்து நானும் திறந்து பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்தச் சிப் என்ன செய்தது, நம் ஊருக்கு அது ஏன் தேவைப்பட்டது, அதன் மேல் விழுந்த பழி எவ்வளவு நியாயம் என்று எழுதிவைக்க நினைக்கிறேன். அந்த வேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் இப்போது செல்போன் கடைக்கோ வேறு தொழிலுக்கோ போய்விட்டார்கள்.

பூட்டு இல்லாத பெட்டிகள்

பிளேஸ்டேஷனுக்கு முன்பு நம் ஊருக்கு வந்தவை கேசட் போடும் டி.வி. கேம்கள். சாமுராய், மீடியா என்ற பெயர்களெல்லாம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். மரியோ, கான்ட்ரா ஆடாத பையன் அந்தக் காலத்தில் குறைவு.

அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்தவை. ஃபேமிகாமில் பூட்டு கிடையாது. யார் கேசட் செய்தாலும் அது ஓடும். அதே பெட்டியை 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டெண்டோ உள்ளே ஒரு காவல்காரனை வைத்தது. பெட்டியில் ஒரு சிப், கேசட்டில் ஒரு சிப். இரண்டும் ஒன்றோடொன்று இரகசிய எண்களைப் பேசிக்கொள்ளும். பேச்சு பொருந்தாவிட்டால் பெட்டி விநாடிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். கேசட் சொருகும் இடம் தேய்ந்து தொடர்பு விட்டுப்போனாலும் இதே கதிதான். அங்குள்ள மெக்கானிக்குகள் அந்தக் காவல் சிப்பின் நான்காவது காலை வெட்டிவிட்டால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். கால் போன காவல்காரன் அதற்குப் பிறகு யாரையும் தடுப்பதில்லை.

நமக்கு வந்த நகல் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. கேசட் ஓடவில்லை என்றால் எடுத்து ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுவோம். அதுதான் அன்றைய பழுது நீக்கும் கலை. அதனால்தான் பிளேஸ்டேஷன் வந்தபோது நம் ஆட்களுக்குத் திகைப்பு. ஊதிச் சரிசெய்ய அதில் கேசட் இல்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்று முகவரிகள்

சோனியின் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. அதைக் கருத்தில் கொண்டுவந்து செய்து முடித்தவர் கென் குடராகி என்ற பொறியாளர். உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது.

அந்தப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரியும். 0 என்றால் ஜப்பான், 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. ஆசியா என்றதும் நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று மகிழ வேண்டாம். அது ஹாங்காங், சிங்கப்பூர் போன்ற சந்தைகளுக்கானது. வட்டு விஷயத்தில் அது ஜப்பான் பெட்டியின் தம்பி. தொண்ணூறுகளில் இந்தியாவில் இந்தப் பெட்டியை முறைப்படி விற்கவில்லை. வெளிநாட்டு நுகர்பொருள்கள் பலவற்றுக்கு அப்போது நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. கடைசியாக எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1-ல்தான் நீங்கியது.

ஆனாலும் பெட்டி வந்து சேர்ந்தது. துபாயிலிருந்து திரும்பியவரின் பெட்டிக்குள் ஒன்று, சிங்கப்பூர் மாமா கொடுத்தது ஒன்று, சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது ஒன்று. நம் மாவட்டத்துக்குப் பக்கத்துப் பெரிய சந்தை சென்னை இல்லை, பெங்களூர். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மெஜஸ்டிக் பக்கத்து நேஷனல் மார்க்கெட்டிலோ எஸ்.பி. ரோட்டிலோ இருக்கலாம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூரும் நம் மாவட்டம்தான். ஓசூர்ப் பையன்களுக்குப் பெங்களூர் பக்கத்துத் தெரு மாதிரி.

ஆகவே ஒரே கடையில் இருந்த மூன்று பெட்டிகளில் ஒன்று ஜப்பான், ஒன்று அமெரிக்கா, ஒன்று ஐரோப்பா என்று இருக்கும். ஜப்பான் பெட்டி 100 வோல்ட்டுக்கானது. அதை அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட். இரண்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். 1982-ல் நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தபோது எடுத்துக்கொண்டது பால் முறை. ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறை. அந்தப் பெட்டிகளைப் பழைய டி.வி.யில் இணைத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழும் உருளும். இரண்டு முறையும் தெரிந்த டி.வி. கிடைத்தால் கலர் வந்துவிடும். இதற்கும் சிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கடையில் சொல்வது என்னவோ, "சிப் போயிடுச்சு."

நான்கு எழுத்து

இப்போது பூட்டுக்கு வருவோம். பிளேஸ்டேஷன் வட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புத்தான் பூட்டு என்று பலரும் நம்பினார்கள். கறுப்பு வெறும் அலங்காரம். சி.டி. படிக்கும் லேசர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் அதற்குக் கண்ணாடி மாதிரி.

உண்மையான பூட்டு வட்டின் உள்வட்டத்தில், தகவல் தொடங்குவதற்கு முன்னால் உள்ள பகுதியில் இருந்தது. சாதாரண சி.டி.யில் தடம் சீராகச் சுருள்வட்டமாகப் போகும். சோனி தன் தொழிற்சாலையில் அந்தத் தொடக்கப் பகுதியின் தடத்தை மட்டும் மிக நுட்பமாக நெளியவிட்டது. லேசர் அந்த நெளிவைப் பின்தொடரும்போது, நெளிவு இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று ஒரு தந்தி மாதிரி விஷயம் கிடைக்கும். அதன் வேகம் விநாடிக்கு 250 துண்டுதான். தந்தி ஆபீஸ் பார்த்த தலைமுறைக்கு இது சுலபமாகப் புரியும். அந்தத் தந்தியில் இருப்பது நான்கே எழுத்து. ஜப்பான் வட்டில் எஸ்.சி.இ.ஐ., அமெரிக்க வட்டில் எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பிய வட்டில் எஸ்.சி.இ.இ.

பெட்டி தன் ஊர் எழுத்து வந்தால் ஆட்டத்தைத் தொடங்கும். வராவிட்டால் பிளேஸ்டேஷன் வட்டைப் போடு என்று சொல்லும், அல்லது பாட்டு கேட்கும் பக்கத்துக்குப் போய் நின்றுவிடும். வீட்டில் உள்ள சி.டி. ரைட்டர் வட்டில் தகவலை எழுதும். தடத்தின் நெளிவை மாற்ற அதற்குத் தெரியாது, ஏனென்றால் காலி வட்டின் தடம் ஏற்கெனவே தொழிற்சாலையில் போடப்பட்டது. ஆகவே நகல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த நான்கு எழுத்து அதில் வராது.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. அந்தப் பூட்டு ஒரே அடியில் இரண்டு வேலை செய்தது. திருட்டு நகலைத் தடுத்தது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் வட்டையும், வேறு ஊர்ப் பெட்டியில் போட்டால் தடுத்தது. துபாய் அண்ணன் வாங்கிவந்த ஐரோப்பியப் பெட்டியில் சிங்கப்பூர் மாமா வாங்கிவந்த ஒரிஜினல் வட்டு ஓடாது. இரண்டு பேரும் ஒரு பைசா ஏமாற்றவில்லை. உலகத்தை மூன்றாகப் பிரித்தவர்களின் வரைபடத்தில் நம் ஊருக்கென்று ஓர் எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

எட்டுக் கால் சில்லு

சிப் செய்தது இதுதான்: பெட்டி அந்த நான்கு எழுத்துக்காகக் காத்திருக்கும் சமயத்தில், வட்டிலிருந்து வருவது மாதிரி அந்தத் தந்தியைத் தானே அடித்தது. மூன்று ஊர் எழுத்தையும் மாற்றி மாற்றி அடிக்கும் சிப்பும் உண்டு. அதிகம் புழங்கியது மைக்ரோசிப் நிறுவனத்தின் பி.ஐ.சி. 12சி508 என்ற சாதாரணச் சில்லு. வாஷிங் மெஷினுக்கும் ரிமோட்டுக்கும் பயன்படக்கூடிய அதே வகை. அதில் ஒருமுறைதான் நிரல் எழுத முடியும். எழுதிய பிறகு, எந்தச் சில்லு என்று போட்டிக் கடைக்காரன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று மேலே உள்ள எழுத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுவார்கள்.

முதல் வகைச் சிப்புக்கு நான்கு ஒயர் போதும்: மின்சாரம், எர்த், பிறகு தந்தி அனுப்பும் இரண்டு. பிந்தைய சிப்புகளுக்கு ஆறு, ஏழு. பெட்டிக்குள் இருக்கும் போர்டு ஆண்டுக்கு ஆண்டு மாறியது. பி.யூ-8, பி.யூ-18, பி.யூ-20, பி.யூ-22 என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒயர் வைக்கும் புள்ளி வேறு. பிரவுசிங் சென்டரில் படத்தை அச்செடுத்து வந்து, பூதக்கண்ணாடி வைத்து, தலைமுடி மாதிரி ஒயரை வைப்பார் நண்பர். பக்கத்துக் காலோடு ஒட்டாமல் ஈயம் வைப்பதற்குக் கை நடுங்கக் கூடாது. நான் இணைப்பகத்தில் செய்த வேலையைவிட அது நுணுக்கமான வேலை.

சிப் போடக் காசில்லாத பையன்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சைப் பேனா ஸ்பிரிங்கால் அமுக்கிவைத்துவிட்டு, ஒரிஜினல் வட்டு நான்கு எழுத்தைச் சொல்லி முடித்ததும் சட்டென்று எடுத்து நகல் வட்டை வைப்பது. சுற்றுகிற வட்டைக் கையால் பிடிப்பார்கள். ஒரிஜினலில் கீறல் விழும், மோட்டார் கெடும். பிறகு அந்தப் பெட்டியும் கடைக்கு வரும்.

பழுதைத் தேடும் வரிசை

நண்பர் யாரையும் நம்பாமல் ஒரு வரிசைப்படிதான் பார்ப்பார். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். இன்றும் பரணில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில், வட்டு எதுவும் இல்லாமல் போட வேண்டும். சோனி சின்னம் வந்து, பிறகு பாட்டு கேட்கும் பக்கம் வந்தால் போர்டும் மின்சாரமும் நலம். விளக்கே எரியாவிட்டால் உள்ளே இருக்கும் மின்சாரப் பலகையையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து படம் வராவிட்டால், சிப் ஒயர் ஏதாவது தகட்டுக்கு அடியில் நசுங்கிச் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டு சி.டி. நண்பர் கடையில் இதற்கென்றே ஓர் இளையராஜா சி.டி. இருந்தது. பாட்டு சி.டி.க்கு நான்கு எழுத்து தேவையில்லை; சிப்புக்கு அங்கே வேலையே கிடையாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தடங்கல் இல்லாமல் பாடினால் மோட்டாரும் லென்ஸும் ஓரளவு சரி. சி.டி. உள்ளிருந்து வெளியே படிக்கும். கடைசிப் பாட்டுகளில் மட்டும் துள்ளினால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கோளாறு.

மூன்றாவது, அந்தப் பெட்டிக்குரிய ஊரின் ஒரிஜினல் வட்டு. அது சிப் இல்லாமலேயே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் சிப்பை மாற்றிப் பயனில்லை. சிப்பே குறுக்கே நிற்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், அதிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர்களை எடுத்துவிட்டு ஒருமுறை பார்க்கலாம்.

நான்காவதுதான் நகல் வட்டு. ஒரிஜினல் ஓடி, நகல் மட்டும் ஓடவில்லை என்றாலும் உடனே சிப் என்று சொல்லக் கூடாது. அச்சடித்த வட்டைவிட எழுதிய வட்டு குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும். தேய்ந்த லென்ஸ் ஒரிஜினலைப் படித்துவிடும், நகலில் தடுமாறும். அவசரமாக வேகமாக எழுதிய வட்டு இன்னும் மோசம்.

இரண்டையும் பிரித்தறிய நண்பர் சொன்ன விதி எனக்கு இன்றும் பிடிக்கும். சிப்பின் வேலை வட்டு சுற்றத் தொடங்கிய முதல் சில விநாடிகளோடு முடிந்துவிடும். அதற்குள் பெட்டி "முடியாது" என்று ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மறுத்தால், அப்போது சிப்பைப் பார். முதல் காலிலும் எட்டாம் காலிலும் மீட்டர் வைத்து மின்சாரம் வருகிறதா பார், ஒயர் ஒவ்வொன்றிலும் டிரை சால்டர் இருக்கிறதா பார். அதைத் தாண்டி ஆட்டம் தொடங்கி, அரை மணி கழித்து உறைந்தால், இன்று ஓடி நாளைக்கு ஓடாமல் போனால், படம் பேசும் இடத்தில் குரல் விட்டு விட்டு வந்தால், சிப்பைத் தொடாதே, லென்ஸைப் பார்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு பிறகு வந்தது. முதல் வகைச் சிப் நிற்காமல் தந்தி அடித்துக்கொண்டே இருந்தது. 1999 வாக்கில் கேம் செய்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தந்தி வரக் கூடாத இடத்தில் வருகிறதா என்று கேமே சோதித்தது. வந்தால், இந்தப் பெட்டி மாற்றப்பட்டிருக்கலாம் என்று சிவப்பில் எச்சரித்து நின்றுவிடும். அதற்குப் பதிலாக, ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சிப் வந்தது. 2000-ல் வந்த ஸ்பைரோ: இயர் ஆஃப் த டிராகன் கேம் இன்னும் சாமர்த்தியம். உடைத்த நகல் என்று தெரிந்தால் அது உடனே நிற்காது. சேர்த்த கற்கள் காணாமல் போகும், மொழி மாறும், கடைசிச் சண்டையில் சேமித்து வைத்ததெல்லாம் அழிந்து தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். பல வாரம் ஆடிய பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவான். அந்தப் பெட்டியில் எந்தப் பழுதும் இருக்காது.

தலைகீழாக ஓடிய பெட்டி

பாலக்கோடு பக்கம் ஓர் இளைஞர் வட்டிக்கு வாங்கிய பணத்தில் மூன்று பெட்டி வைத்துக் கேம் கடை நடத்தினார். மணிக் கணக்கில் வாடகை. முழுப் பரீட்சை லீவு இரண்டு மாதம்தான் அவருக்கு அறுவடைக் காலம். ஒரு வருடம் லீவு தொடங்கும் நேரத்தில் இரண்டு பெட்டிகள் உறைந்து உறைந்து நின்றன. வெளியூர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய் இரண்டு முறை சிப் மாற்றிவிட்டார். இரண்டு முறையும் பஸ் செலவு, சிப் செலவு, கூலி. ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஓடும், பிறகு அதே கதை. மூன்றாவது முறை எங்கள் நண்பரிடம் வந்தார். வட்டிக்காரருக்குத் தவணை தவறிவிட்டது என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

நண்பர் பெட்டியைத் திறக்கவில்லை. பாட்டு சி.டி. போட்டுக் கேட்டார். பிறகு பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். கேம் தடங்கலில்லாமல் ஓடியது.

அந்தத் தொடக்க கால மாடல்களில் லென்ஸ் நகரும் பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது; சூடாகும் மின்சாரப் பலகை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. நாள் முழுக்க ஓடினால் பிளாஸ்டிக் தேயும், லென்ஸ் சாய்ந்துவிடும். கவிழ்த்து வைத்தால் எடை மறுபக்கம் போவதால் தற்காலிகமாக நிமிரும். உலகம் முழுக்கப் பிளேஸ்டேஷனைக் கவிழ்த்து வைத்து ஆடியவர்கள் ஏராளம். பின்னால் வந்த மாடல்களில் சோனியே லென்ஸை மின்சாரப் பலகையிலிருந்து தள்ளி வைத்தது. நம் ஊர் மே மாத வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காலை பத்திலிருந்து இரவு பத்துவரை ஓடும் பெட்டி வேறு எப்படி இருக்கும்?

எஸ்.பி. ரோட்டிலிருந்து இரண்டு லென்ஸ் யூனிட் வாங்கிவரச் சொன்னார். மாற்றியதும் இரண்டு பெட்டியும் அந்த லீவு முழுக்க ஓடின. சிப்புகள் இரண்டும் முதல் நாளிலிருந்தே நல்ல சிப்புகள். லென்ஸ் பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி லேசரைக் கூட்டிவிட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அது சில நாள் பிரகாசமாக ஓடும், பிறகு லேசரே செத்துப்போகும். நண்பர் அந்தத் திருகைத் தொட மாட்டார்.

சட்டம் என்ன சொன்னது

நகல் வட்டு அன்றும் குற்றம்தான். 1957-ன் காப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல்கள் 1984-லேயே சேர்ந்துவிட்டன. அமெரிக்காவில் புது வட்டு ஒன்று 40 டாலரைச் சுற்றி விற்ற காலம். அன்றைய கணக்கில் சுமார் 1,700 ரூபாய். பாலக்கோட்டுப் பையனுக்கு அது எட்டாத விலை என்பது உண்மை. அதனால் நகல் நியாயமாகிவிடாது என்பதும் உண்மை.

ஆனால் சிப் வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவில் சிப் விற்ற ஸ்டீவன்ஸ் என்பவர் மீது சோனி தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2005-ல் நீதிபதிகள் ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பெட்டி நகல் எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகலை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது, ஆகவே அன்றைய சட்டம் சொல்லும் பாதுகாப்பு முறை அது இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டு அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அப்போதும், ஊர் பிரிக்கும் பூட்டுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று விலக்கு வைத்தார்கள்.

இந்தியாவில் பூட்டை உடைப்பது பற்றித் தனிப் பிரிவு 2012 திருத்தத்தில்தான் வந்தது. 65ஏ என்பது அதன் எண். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. "நோக்கத்தோடு" என்ற சொல் முக்கியம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதற்கு விலக்கு இருக்கிறது. அதற்கு இன்னொருவருக்கு உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, விவரம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நண்பரின் கடையில் ஒரு நீள நோட்டு இருந்தது. யார் பெட்டி, என்ன மாடல், எந்த போர்டு, என்ன பழுது, என்ன செய்தோம் என்று எல்லாவற்றையும் எழுதுவார். சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே, தன் வேலைக்காக அவர் வைத்துக்கொண்ட நோட்டு அது.

இன்று

இப்போது அந்தப் பெட்டிகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. சிறுவயதில் மணிக் கணக்குக்கு ஆடியவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிறார்கள். பழைய பெட்டியைத் தேடி வாங்குகிறார்கள். சிப்பின் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒரு சின்ன ஆர்டுயினோ வகைச் சில்லில் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டது. மெமரி கார்டு வழியாகவே பூட்டைத் தாண்டும் வழியையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பியப் பெட்டிகளின் உள்ளேயே பூட்டைத் திறக்கும் இரகசியக் கட்டளை இருந்ததாம். அத்தனை வருடம் நாம் ஈயம் வைத்துத் திறந்த கதவுக்குச் சாவி உள்ளேயே தொங்கியிருக்கிறது!

கிடைக்காமல் போகப்போவது வேறு. லென்ஸ் தேய்ந்துகொண்டே வருகிறது. வட்டுகள் கீறலாலும் ஈரத்தாலும் போகின்றன. இன்று ஒருவர் தன் ஒரிஜினல் வட்டைப் பாதுகாக்க நகல் எடுத்து அதில் ஆட நினைத்தால், அதற்கும் இதே சிப் வேண்டும். திருடனுக்கும் உரிமையாளருக்கும் ஒரே பூட்டு என்ற பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது.

வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் ஒரு வேண்டுகோள். ஓடவில்லை என்றதும் சிப்பைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். வட்டில்லாமல் ஒருமுறை, பாட்டு சி.டி.யோடு ஒருமுறை, ஒரிஜினலோடு ஒருமுறை பாருங்கள். மூடியைத் திறந்தால் போர்டின் எண்ணையும், எந்த ஒயர் எந்தப் புள்ளிக்குப் போகிறது என்பதையும் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த ஒயர்களை வைத்த கை எங்கள் மாவட்டத்திலோ பெங்களூர்ச் சந்துகளிலோ இருந்த ஏதோ ஒரு மெக்கானிக்கின் கை. அவர்கள் பெயரை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அவர்கள் வைத்த ஈயம் இருபத்தைந்து வருடமாக விடாமல் இருக்கிறது.